ஓய்வு யாருக்கு?

வார இறுதியில் இரண்டு நாள் எங்கேனும் ஓர் அமைதியான இடத்துக்குப் போய்வரலாம் என்று ஒருவர் எண்ணுவது அறவியல் பிரச்சினை ஆகுமா? ஆகாது என்றே பலரும் சொல்வர். எந்த ஊர், எந்த வண்டி, எவ்வளவு செலவு, மழை வருமா வராதா என்பவையே அவர்களுக்குக் கேள்விகள். உழைத்துக் களைத்தவன் ஓய்வு கொள்கிறான், கையிலுள்ள பணத்தைக் கொடுக்கிறான், யாருக்கும் தீங்கிழைக்கவில்லை. இதில் அறம் எங்கே நுழைகிறது என்பது அவர்களது வாதம்.

இதற்கு நேர் எதிரான குரல் ஒன்றும் உண்டு. அது பெரும்பாலும் முற்போக்காளர் மத்தியிலிருந்தே எழுகிறது. நாட்டில் இத்தனை துயரம் இருக்க, கடற்கரையிற் காலை நீட்டிக் கிடப்பது பூர்ஷ்வா மனோபாவம் என்று அது கண்டிக்கிறது. கூட்டத்துக்கு வரவேண்டிய தோழர் குடும்பத்தோடு கடல் பார்க்கப் போய்விட்டார் என்று கேட்டால் அதன் முகம் சுருங்குகிறது. உல்லாசம் என்ற சொல்லே அதன் காதில் ஏளனமாக விழுகிறது.

இவ்விரு குரல்களும் பிழையானவை என்பதே இக்கட்டுரையின் கருத்து. முதற்குரல் ஓய்வைப் பண்டமாகக் காண்கிறது. இரண்டாவது குரல் அதைப் பாவமாகக் காண்கிறது. ஓய்வு ஓர் உரிமை என்பதை இரண்டுமே மறந்துவிடுகின்றன. எல்லார்க்கும் உரியதே உரிமை. சிலர்க்கு மட்டும் கிடைப்பது சலுகை. ஓய்வு எங்கே உரிமையாக நிற்கிறது, எங்கே சலுகையாகச் சுருங்குகிறது என்று பிரித்தறிவதே இங்கு நம்முன் உள்ள பணி.

மேனாட்டுச் சஞ்சிகைகள் இத்தகைய ஓய்வைப்பற்றி எழுதும்போது திராட்சை விளையும் நாட்டுப்புறத்தையே பெரிதும் புகழ்கின்றன. சரிவில் இறங்கும் தோட்டங்கள், பழைய கல்வீடு, மாலையில் ஒரு கிண்ணம் வைன், அரவமற்ற இரவு என்பவை கூடியதே அங்கே வார இறுதியின் இலட்சியச் சித்திரம். அச்சித்திரத்திற் கொடிகள் தெரியும். பழம் பறிக்கும் கைகள் தெரிவதில்லை. 2023 செப்டம்பரில் பிரான்சின் ஷாம்பேன் பகுதியில், கடும் வெயிலடித்த அறுவடை நாட்களில், பழம் பறிக்க வந்த பருவகாலத் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். உலகெங்கும் கொண்டாட்டங்களில் உடைக்கப்படும் போத்தலுக்குப் பெயர் தந்த மண் அது.

நமது நாட்டில் அத்தகைய திராட்சை மலைச்சாரல் இல்லை. ஆனால் அதே ஆசைக்கு இடந்தரும் தேயிலை மலைகளும் கீழ்க்கரைக் கடலோரமும் இருக்கின்றன. மலையகத்தில் பழைய தோட்டத்துரைமாரின் பங்களாக்கள் பல விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. அவற்றின் சாளரத்தினூடே தெரியும் பச்சை மலை அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பச்சையைத் தலைமுறை தலைமுறையாகத் தம் விரல்களாற் காத்துவந்த பெண்கள் இன்னும் லயத்துக்கே திரும்பிச் செல்கின்றனர். துரையின் வீடு உருமாறிவிட்டது. தொழிலாளியின் வீடு பெரும்பாலும் உருமாறவில்லை.

கடலோரத்துக்கு வருவோம். திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளிக்குச் செல்லும் சாலையில், சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது உப்புவெளி. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீட்டர் தூரம். வார இறுதியைத் திட்டமிடுவோர்க்கு அங்கே வேண்டியதெல்லாம் உண்டு. நெடுந்தூரம் நடந்து இறங்கத்தக்க ஆழமற்ற கடல் உண்டு. வடக்கே நிலாவெளிக்கு எதிரில், 2003-ல் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட புறாத்தீவும் அதன் பவளப்பாறைகளும் உண்டு. மேற்கே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள். தெற்கே கடலைப் பார்த்து நிற்கும் கோணேசர் கோயில். சாலையோரத்தில் இரண்டாம் உலகப்போரில் மாண்ட பொதுநலவாயப் படையினரின் மயானம். இரண்டு நாளுக்கு இவை தாராளமாகப் போதும்.

எப்போது போவது என்று கேட்டால், அனுபவமுள்ளோர் ஒரே விடையையே சொல்வர். ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை போகவேண்டும். அப்போதுதான் கீழ்க்கடல் தட்டையாகக் கிடக்கும்; வானம் தெளிந்திருக்கும். ஒக்டோபர் பிறந்து வாடை வீசத் தொடங்கினால் கடல் எழும், மழை கொட்டும், விடுதிகள் வெறிச்சோடும்.

இவ்விடையை நாம் சற்று நிறுத்தி ஆராய வேண்டும். கடல் தட்டையாகக் கிடக்கும் அதே மாதங்களில்தான் கரைவலைத் தொழில் நடைபெறுகிறது. வெயில் எரிக்கும் அதே மாதங்களில்தான் உப்பும் விளைகிறது. உப்புவெளி என்ற பெயரை யாரும் அழகுக்காக இடவில்லை. உப்புக்கு வெயில் வேண்டும். விடுமுறைக்கும் வெயில் வேண்டும். வலைக்கு அமைதியான கடல் வேண்டும். நீச்சலுக்கும் அமைதியான கடல் வேண்டும். ஒரே சூரியன், ஒரே கடல், ஒரே மணல். ஒருவனுக்கு அது ஓய்வுப் பருவம். மற்றவனுக்கு அதுவே கடும் உழைப்பின் பருவம். இயற்கை இருவர்க்கும் பொதுவாகத் தந்த நாட்களைச் சமுதாயம் இவ்வாறு பங்கிட்டிருக்கிறது.

கரைவலை இழுப்பதைப் பார்த்திராத வாசகர்க்காக ஓரிரு சொற்கள். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, தோணி கடலில் அரைவட்டமாக வலையை வளைத்துக்கொண்டு வேறோரிடத்திற் கரையேறும். பின்னர் இரு அணியினர் இரு கயிறுகளையும் பற்றிப் பின்னோக்கி நடந்து இழுப்பர். மண்டாடி குரல் கொடுப்பான். மணிக்கணக்கில் நீளும் வேலை அது. மடி கரைக்கு வந்தபின்னரே நெத்தலியா, சாளையா, பாரையா, வெறும் சொத்தையா என்பது தெரியும். கிடைத்ததில் வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கு சம்மாட்டிக்குப் போகும். எஞ்சியது இழுத்தவர்க்குப் பிரியும். மடி வெறுமையாக வந்தால் பிரிப்பதற்கு எதுவுமில்லை. இழுத்த மணிக்கணக்குக்கு எவரும் கூலி தருவதுமில்லை. விடுதியின் சாய்கதிரையிலிருந்து பார்ப்பவர்க்கு இது ஒரு காட்சி. அவர் கைப்பேசியில் அதைப் படமெடுக்கிறார். அவர் தீயவர் அல்லர். ஆனால் தாம் இன்று உழைக்காதிருப்பதற்கும், எதிரே இருப்பவன் இன்றும் உழைப்பதற்கும் இடையே ஒரு தொடர்பு உண்டோ என்ற கேள்வி அவர் மனத்தில் எழுவதில்லை.

ஓய்வைப்பற்றித் தத்துவ ஞானிகள் சிந்தியாமல் இல்லை. மனிதன் உழைப்பதே ஓய்வுக்காக என்று அரிஸ்டோட்டில் கருதினார். அறிவும் நட்பும் அரசியலும் ஓய்விலேயே செழிக்கும் என்பது அவர் கொள்கை. கிரேக்க மொழியில் ஓய்வைக் குறித்த ‘ஸ்கோலே’ என்ற சொல்லிலிருந்தே ‘ஸ்கூல்’ என்ற ஆங்கிலச் சொல்லும் பிறந்தது. பாடசாலையென்பது ஆதியில் ஓய்வின் வேறொரு பெயர் என்பதை நம் ஆசிரியர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அரிஸ்டோட்டில் கண்ட ஓய்வு அடிமைகளின் தோளில் ஏறி நின்றது. நெசவுத்தறி தானாக இயங்குமாயின் எஜமானர்க்கு அடிமைகள் தேவைப்படமாட்டார்கள் என்று அவரே ஓரிடத்தில் எழுதினார். நடவாத காரியத்துக்கு எடுத்துக்காட்டாக அவர் அதைச் சொன்னார். இரண்டாயிரம் ஆண்டுகளின்பின் தறி தானாக இயங்கலாயிற்று. நெசவாளிக்கு ஓய்வு வந்ததா? வேலை நேரம் நீண்டது. பிள்ளைகளும் ஆலைக்குள் இழுக்கப்பட்டனர்.

கார்ல் மார்க்ஸின் மருமகன் போல் லபார்க், ‘சோம்பியிருக்கும் உரிமை’ என்ற கருத்தை 1880-ல் ஒரு கட்டுரைத் தொடராக எழுதினார். உழைப்பையே தெய்வமாக்கித் தொழிலாளியின் முதுகை ஒடிக்கும் முதலாளித்துவ ஒழுக்கநெறியை அவர் எள்ளி நகையாடினார். நாளுக்கு மூன்று மணிநேர வேலை போதும் என்றார். மார்க்ஸும், மனித சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனையாக வேலைநாள் குறைப்பையே ‘மூலதன’த்தின் மூன்றாம் பாகத்தில் வைத்தார். ஓய்வை இகழும் தோழர் எவரும் தாம் யாருடைய மரபிற் பேசுகிறோம் என்று ஒருமுறை எண்ணிப்பார்ப்பது நலம். 1886-ல் சிக்காகோத் தொழிலாளர் எட்டு மணிநேர வேலை கேட்டே தெருவில் இறங்கினர். 1923-ல் சென்னையில் சிங்காரவேலர் மேதினக் கொடியை உயர்த்தியதும் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியே. கூலி உயர்வு மட்டுமே அவர்கள் கோரிக்கையாக இருக்கவில்லை. தம் நாளில் ஒரு பகுதி தமக்கே சொந்தமாக வேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். மேதின ஊர்வலத்திற் செல்பவர் ஓய்வைப் பாவமென்று சொல்வது பொருந்தாது.

1936-ல் பிரான்சில் நடந்ததும் ஈண்டு கருதத்தக்கது. அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் இலட்சக்கணக்கான தொழிலாளர் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். மக்கள் முன்னணி அரசாங்கம் வாரத்துக்கு 40 மணிநேர வேலையையும், ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறையையும் சட்டமாக்கிற்று. அவ்வாண்டுக் கோடையில் பல தொழிலாளர் குடும்பங்கள் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைக் கண்டன. அமைதியான தம் கடற்கரைகளிற் சாமானியர் கூட்டம் வந்து சேர்ந்ததே என்று முகஞ்சுளித்த கனவான்களும் இருந்தனர். விளம்பரங்கள் விற்கும் ‘அமைதி’யின் பொருளை அந்த முகச்சுளிப்பு நமக்குக் கற்பிக்கிறது. ஏனைய மனிதர் வராதிருப்பதையே அச்சொல் அங்கே குறித்தது.

1948-ன் மனித உரிமைகள் பிரகடனம் தன் 24-ம் உறுப்புரையில் ஓய்வையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் ஒவ்வொரு மனிதனுக்கும் உரியவை என்று அறிவித்தது. காகிதத்திற் பிரச்சினை முடிந்துவிட்டது. ஆனால் உரிமை வாழ்வாக மாறுவதற்குச் சில நிபந்தனைகள் வேண்டும். உப்புவெளியில் நின்று பார்த்தால் அவற்றுள் மூன்று தெளிவாகத் தெரிகின்றன: காலம், பிழைப்பு, இடம்.

முதலாவது காலம். எந்த நாள் ஓய்வு நாள் என்பதை யார் தீர்மானிக்கிறார்? வாரத்தின் இறுதி என்பது வானத்திலிருந்து விழுந்ததன்று. இலங்கையரைவிட இதை நன்கு அறிந்தவர் எவருமிலர். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் சனியும் ஞாயிறும் வார விடுமுறையாக இருக்கவில்லை. சந்திரனின் நான்கு பிறைநிலைகளைப் பின்பற்றிப் போயா நாளும் அதற்கு முந்திய நாளும் விடுமுறையாயின. ஒரு போயாவுக்கும் அடுத்த போயாவுக்கும் இடைப்பட்ட காலம் எப்போதும் ஏழு நாளாக அமையவில்லை. வெளிநாட்டு வாணிபத்தோடு அது இசையாமற் போகவே, 1971-ல் பழைய முறை மீண்டது. ஒரு சட்டத்தினால் வார இறுதி மறைந்தது. இன்னொரு சட்டத்தினால் திரும்பி வந்தது. ஆகவே ஓய்வு நாள் மனிதர் வகுத்த ஏற்பாடு. மனிதர் வகுத்ததை மனிதர் விரிவாக்கவும் முடியும்.

அதே 1966-ல்தான் இலங்கை உல்லாசப் பயணச் சபையும் ஒரு சட்டத்தின் வழியாக நிறுவப்பட்டது. பிறரின் விடுமுறையை நாட்டின் வருமானமாக்கும் முயற்சி அவ்வாண்டில் முறையாகத் தொடங்கிற்று. போர் முடிந்த 2009-ல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 4 இலட்சத்து 48 ஆயிரம் பேர். 2018-ல் அத்தொகை 23 இலட்சத்தைத் தாண்டிற்று. பயணியின் ஓய்வு நாள் விடுதி ஊழியனின் வேலை நாள் என்பதை இவ்விலக்கங்கள் சொல்லமாட்டா. நீண்ட வார இறுதி வந்தால் கொழும்பில் மகிழ்ச்சி. உப்புவெளியில் படுக்கை விரிப்பவளுக்கும் மீன் பொரிப்பவனுக்கும் அது நீண்ட வேலை. அவர்களுக்கு வேறொரு நாள் ஓய்வாகக் கிடைக்குமாயின் அதிற் குறைசொல்ல எதுவுமில்லை. ஆசிரியன் ஓய்ந்திருக்கும் நாளில் சமையற்காரன் உழைப்பதும், சமையற்காரன் ஓய்ந்திருக்கும் நாளில் ஆசிரியன் அவன் பிள்ளைக்குப் பாடஞ் சொல்வதும் நியாயமான கொடுக்கல் வாங்கலே. அந்த மாற்று நாள் உண்மையில் அவனுக்குக் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

இரண்டாவது பிழைப்பு. வாடை மாதங்களில் கரைவலை ஓய்கிறது, விடுதியும் ஓய்கிறது. அப்போது இழுவைக்காரன் வீட்டில் இருக்கிறான். பருவத்துக்கென அழைக்கப்பட்ட ஊழியனும் வீட்டில் இருக்கிறான். அவர்கள் ஓய்வு கொள்கிறார்கள் என்று எவராவது சொல்வாரா? அடுத்த பருவத்தின் உழைப்பை அடகுவைத்துச் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்குபவனின் நாள் ஓய்வு நாளன்று. வேலையின்மைக்கும் ஓய்வுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. திண்ணையில் இருவரும் சும்மா இருக்கின்றனர். ஒருவனுக்கு நாளைய சோறு நிச்சயம், மற்றவனுக்கு நிச்சயமில்லை. அந்த நிச்சயமே ஓய்வை ஓய்வாக்குகிறது.

1954-ன் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வேலை நேரத்துக்கு வரம்பிட்டது. வாரந்தோறும் ஒன்றரை நாள் விடுமுறையும் ஆண்டு விடுமுறையும் வழங்கிற்று. தொழிற்சங்கங்கள் இரத்தம் சிந்திப் பெற்ற உரிமைகளின் வரிசையில் வந்தது அது. ஆனால் முதலாளி என்றும் ஊழியர் என்றும் எழுத்தில் உறவு காணப்படும் இடத்திற்கே இத்தகைய சட்டம் எட்டும். பங்குக்கு வலையிழுப்பவனுக்கும், முச்சக்கரவண்டி ஓட்டுபவனுக்கும், மணலில் நடந்து கடலை விற்பவளுக்கும் சம்பள விடுமுறையைத் தரவேண்டியவர் யார்? இக்கேள்விக்கு நமது சமுதாயம் இன்னும் விடை தேடவில்லை.

அரிஸ்டோட்டிலின் தறி கரைவலைக்கும் வந்துவிட்டது. உழவு இயந்திரத்திற் பூட்டிய வின்ச் கொண்டு வலையை இழுக்கும் வழக்கம் இலங்கைக் கரைகளில் அண்மைக்காலத்திற் பரவி, பெருஞ் சர்ச்சையைக் கிளப்பிற்று. கடலடிக்கு அது செய்யும் கேடு ஒருபுறம் இருக்கட்டும். பலர் மணிக்கணக்காக இழுத்ததை இயந்திரம் இழுக்குமாயின், அவர்கள் உள்ளங்கை ஆறவேண்டும். நடந்ததோ வேறு. இயந்திரம் வைத்திருப்பவனுக்கு மிச்சம்; இழுத்தவனுக்கு வேலையில்லை. அவன் பெற்றது ஓய்வன்று. இயந்திரம் யாருடையது என்ற பழைய கேள்விக்கு விடை காணாதவரையில், எந்த இயந்திரமும் ஏழைக்கு ஓய்வைக் கொண்டுவராது.

மூன்றாவது இடம். ஓய்வதற்கு அச்சமற்ற ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தில் இருப்பதற்கு உரிமை வேண்டும். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை கீழ்க்கரையை வாரிச் சென்றபின், கடலோரத்தில் மீண்டும் வீடு கட்டலாகாது என்று ஒரு வலயம் வரையப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். உல்லாச விடுதிகளுக்கு விலக்களிக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு அந்நாட்களிற் கடுமையாக எழுந்தது. பின்னர் அத்தூரங்கள் குறைக்கப்பட்டன. எனினும் அந்தச் சில மாதங்கள் ஓர் உண்மையை வெளிக்காட்டின. கடலை நம்பி வாழ்பவனுக்குக் கடலோரம் ஆபத்தான இடம். கடலைப் பார்க்க வருபவனுக்கு அதே கடலோரம் வாய்ப்பான இடம் என்று கணக்கிடக்கூடிய மனங்கள் நம்மிடையே இருக்கின்றன.

இன்னொரு நாளையும் சொல்லாது விடமுடியாது. 2006 ஜனவரி 2-ம் நாள் மாலை, திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே கூடியிருந்த தமிழ் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த பொலிஸ் தரப்பினர் 13 பேரும், போதிய சாட்சியமில்லையென 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். அந்த இளைஞர்கள் அம்மாலையிற் செய்துகொண்டிருந்தது என்ன? நண்பரோடு கடற்காற்றில் உட்கார்ந்து பேசுவது. வார இறுதிக்காகக் கொழும்பிலிருந்து 260 கிலோமீட்டர் பயணஞ்செய்து நாம் நாடிச் செல்வதும் அதைத்தானே! விளம்பரத்தில் அது ‘கவலையற்ற மாலைப்பொழுது’. அந்நகரின் பிள்ளைகளுக்கு அதன் விலை உயிராக இருந்தது. அதற்குப் பொறுப்பாளி இன்றுவரை யாருமில்லை. போர்க்காலத்தில் உப்புவெளிக் கரையும் அமைதியாகத்தான் இருந்தது. அச்சத்தினால் வெறிச்சோடிய கரையின் நிசப்தம் அது. இன்று அங்கே போய், ‘என்ன அமைதியான இடம்!’ என்று வியப்பவர், அந்த அமைதிக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பதையும் அறிந்து வியக்கட்டும்.

இத்தனையும் சொன்னபின், அப்படியானால் போகாதிருப்பதே அறம் என்று சிலர் முடிவுகட்டலாம். அது அவசர முடிவு. நாம் போகாவிட்டால் இழுவைக்காரனின் கயிறு இலேசாகிவிடாது. பயணிகள் வராத 2020-ன் தொற்றுநோய்க் காலமும், 2022-ன் பொருளாதார நெருக்கடியும் கடலோர மக்களுக்கு ஓய்வைக் கொண்டுவரவில்லை, பட்டினியைக் கொண்டுவந்தன. துறவு தனிமனிதனின் மனத்தைத் தூய்மை செய்யலாம். அது பிறர் அடுப்பில் உலை வைக்காது. அன்றியும், ஓயாது உழைத்துச் சோர்ந்துபோன ஆசிரியனாற் பிள்ளைகளுக்கும் பயனில்லை, இயக்கத்துக்கும் பயனில்லை. அவன் போகட்டும். எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

முதலில் தன் வீட்டிலிருந்தே அவன் தொடங்க வேண்டும். குடும்பத்தோடு இரண்டு நாள் ஓய்வுக்குப் போவதாகத் தந்தை அறிவிக்கிறார். தாய் முதல்நாள் இரவு கண்விழித்துக் கட்டுச்சோறு கட்டுகிறாள், துணி அடுக்குகிறாள், போன இடத்திலும் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலை துவட்டுகிறாள், திரும்பிவந்து மணல் படிந்த உடுப்புகளைத் தோய்க்கிறாள். எல்லாருடைய ஓய்வையும் ஒருத்தியின் வேலை சுமக்கிறது. இது சிறிய உப்புவெளி. இதைக் காணாத கண் பெரிய உப்புவெளியையும் காணாது. சமையலையும் சுமையையும் பங்கிட்டுக்கொள்ளாத வீட்டில் உள்ளவர்கள் சமத்துவத்தைப்பற்றிப் பேசுவது ஊருக்கு உபதேசமே.

அடுத்து, இடம் தெரிவு செய்யும்போது அறையின் விலையோடு வேறு சிலவற்றையும் விசாரிக்க வேண்டும். அங்கே வேலைசெய்வோர்க்கு வார விடுமுறை உண்டா? வாடைக்காலத்தில் அவர்கள் நிலை என்ன? இதைக் கேட்பதற்கு வெட்கப்பட ஏதுமில்லை. வெந்நீர் வருமா என்று கேட்க நாம் வெட்கப்படுவதில்லையே. ஊரவர் நடத்தும் சிறு விடுதியிலும் சாப்பாட்டுக் கடையிலும் செலவிட்டால் பணம் அவ்வூரிலேயே சுற்றும். புறாத்தீவுக்குப் படகு பிடிக்கும்போது ஏழையிடம் பேரம் பேசி வெல்வதைச் சாமர்த்தியமாக எண்ணவேண்டாம். பவளப்பாறையை மிதிக்கவேண்டாம், அது மீன்களின் பிறப்பிடம், ஆகவே மீனவரின் வயல். கரைவலை வரும் வழியிற் கதிரையைப் போட்டுக்கொண்டு, கயிற்றைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லும் பழக்கம் எவருக்கும் வேண்டாம். அந்த மணல் முதலில் அவர்களுடைய தொழிற்களம்.

ஆயினும் இவை போதா என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல பயணி நல்ல சமுதாயத்தை உண்டாக்கிவிட முடியாது. திரும்பும்போது அறைப்பையன் கையில் வைக்கும் ‘சந்தோஷம்’ அவனுக்கு அன்றைய தேவையைத் தீர்க்கலாம். அது அவன் உரிமைக்கு ஈடாகாது. பிரான்சில் 1936-ன் விடுமுறையைக் கருணையுள்ள உல்லாசப் பயணிகள் வாங்கிக் கொடுக்கவில்லை. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் வாங்கினர். பருவகால ஊழியனுக்கு ஆண்டு முழுவதும் வேலைப் பாதுகாப்பு, கடற்றொழிலாளிக்குக் கடல் எழும் மாதங்களில் உதவிப்பணம், கரை எல்லார்க்கும் திறந்திருத்தல், கடற்கரையில் உட்கார்ந்த பிள்ளைகளைக் கொன்றவர் நீதியின் முன் நிற்றல் ஆகிய இவை தனிமனித நற்குணத்தால் வருவன அல்ல. கூட்டுக் கோரிக்கையால் வருவன. இரண்டு நாள் ஓய்ந்து தெளிந்த மனத்தோடு திரும்பும் ஆசிரியன், தன் சங்கத்திற் பேசுவதற்கு இவற்றுள் ஒன்றையேனும் கொண்டுவருவானாயின், அவன் ஓய்வு வீண்போகவில்லை.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் முதுமொழி. பொதுவாக இதை முதலாளிக்கு வேலைக்காரன் காட்டவேண்டிய விசுவாசத்துக்கே மேற்கோளாக்குகின்றனர். ஆனால் நமக்கு உப்பிட்டவர் யார்? வெயிலில் உப்பு வாரியவரும், கயிறிழுத்து மீன் தந்தவரும், கொழுந்து பறித்துத் தேநீர் தந்தவருமே. முதுமொழியை அதன் சரியான முகவரிக்குத் திருப்பி அனுப்புவது நம் கடமை. நினைப்பது மட்டும் போதாது. வலையிழுப்பவனும் ஒருநாள் தன் பிள்ளைகளோடு, அடுத்த வேளைச் சோற்றைப்பற்றிய ஏக்கமின்றி, எவரைக் கண்டும் அஞ்சாது, தன் கடலைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அவனுக்கும் ஒரு வார இறுதி வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு இன்னும் எத்தனை மேதினங்கள் தேவை?